ஒன்பது வரி மூன்றான கதை

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் கடலுக்குக் கிளம்புமுன் போனைப் பார்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. காற்று எந்தத் திசையில், அலை எவ்வளவு உயரத்தில், மீன் எந்தப் பக்கம் கூடியிருக்க வாய்ப்பு என்பதையெல்லாம் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் அறிவித்துவருகிறது. 1999-ல் தொடங்கிய அந்த மையத்தின் பக்கத்தை லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒருவர் தொட்டுத் திறக்கிறார். கேள்வி ஹைதராபாத் போகிறது. ஒன்றிரண்டு நொடிக்குள் விடை அவர் கையில் இருக்கிறது.

கேள்வி போய்ச் சேர்வதில் பெரிய ஆச்சரியமில்லை. உலகம் அறிந்த ஓரிடத்துக்கு அது போகிறது. ஆச்சரியம் விடை திரும்பி வருவதில்தான். உலகில் பல நூறு கோடிக் கருவிகள் இணையத்தோடு பிணைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு மணல்திட்டில் இருக்கும் இந்தப் போன். ஹைதராபாத்திலிருந்து கிளம்பும் விடை பத்துப் பதினைந்து இடங்களில் கைமாறித்தான் இங்கே வருகிறது. அந்த இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு லைட்ஹவுஸ் குப்பம் என்றொரு ஊர் இருப்பதே தெரியாது. அப்படியிருக்க, சரியான போனை விடை எப்படித் தேடி வருகிறது?

இந்த அத்தியாயம் அதற்கான பதில். பட்டியல்களைச் சுருக்கும் ஒரு சிறிய கணினிக் கருவியின் வழியே அந்தப் பதிலைப் பார்ப்போம்.

வழியில் இருப்பவருக்கு என்ன தெரியும்?

இணையத்தில் தகவலைக் கைமாற்றிவிடும் கருவிக்கு ரவுட்டர் என்று பெயர். வீட்டில் வைஃபை தரும் சிறு பெட்டியும் ரவுட்டர்தான். நகரங்களுக்கு இடையே கோடிக்கணக்கான தகவல்களைத் தள்ளிவிடும் அலமாரி அளவு இயந்திரமும் ரவுட்டர்தான். ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒரு பட்டியல் உண்டு. இந்த எண்ணுக்கு வரும் தகவலை இந்தப் பக்கம் அனுப்பு என்று அதன் ஒவ்வொரு வரியும் சொல்லும். அதை வழிப்பட்டியல் என்று வைத்துக்கொள்வோம்.

உலகில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி எழுதினால் எந்த ரவுட்டராலும் அந்தப் பட்டியலைத் தாங்க முடியாது. தாங்கினாலும், ஒவ்வொரு முறையும் அதில் தேடி முடிப்பதற்குள் அடுத்த லட்சம் தகவல்கள் வந்து குவிந்துவிடும். அதனால் ரவுட்டர்கள் தனி எண்களை எழுதிவைப்பதில்லை, கூட்டங்களை எழுதிவைக்கின்றன.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. 1972 ஆகஸ்ட் 15 முதல் நம் அஞ்சல் துறை இதையே செய்துவருகிறது. மீஞ்சூரின் அஞ்சல் குறியீட்டு எண் 601203, பொன்னேரிக்கு 601204, பழவேற்காட்டுக்கு 601205. ஹைதராபாத்தில் கடிதம் பிரிப்பவர் ஆறு இலக்கங்களையும் பார்க்க வேண்டியதில்லை. முதல் மூன்று இலக்கம் 601 என்றால் எந்த மூட்டையில் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். கடைசி மூன்று இலக்கங்கள் இந்தப் பக்கம் இருப்பவரின் வேலை. கடிதம் ஊரை நெருங்க நெருங்கப் பார்க்க வேண்டிய இலக்கங்களும் கூடுகின்றன.

இணையமும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது. எண்ணின் முன்பகுதி ஒன்றாக இருப்பவை ஒரே திசையில் இருந்தால், அவை அனைத்துக்கும் ஒரே வரி போதும்.

எண்ணுக்குள் இருக்கும் ஊர்

இணையத்தில் ஒரு கருவியின் எண்ணை ஐபி முகவரி என்கிறோம். பழைய முறையில், அதாவது நான்காம் பதிப்பில், அது புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்களாக இருக்கும்: 10.20.4.7 என்பதுபோல. ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை போகலாம்.

நாம் படிக்க வசதியாக அப்படி எழுதுகிறோமே தவிர, ரவுட்டருக்கு அது 32 இலக்கங்கள் கொண்ட ஒற்றை எண். ஒவ்வொரு இலக்கமும் 0 அல்லது 1. இத்தகைய இலக்கத்தைப் பிட் என்பார்கள். புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு பகுதியும் எட்டு பிட். இந்த 32 பிட்களைக் கொண்டு மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகளை எழுதலாம்.

இனி ஒரு குறியீட்டை மட்டும் பழகிக்கொண்டால் போதும். 10.20.4.0/24 என்று எழுதினால், முதல் 24 பிட்கள் மாறாதவை, மீதி 8 பிட்கள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்று பொருள். அதாவது 10.20.4.0 முதல் 10.20.4.255 வரை 256 முகவரிகள். இப்படி ஒரே முன்பகுதியைக் கொண்ட முகவரிகளின் கூட்டத்தை முகவரித் தொகுதி என்று அழைப்போம்.

சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் குறையக் குறையத் தொகுதி பெரிதாகும். /24 என்றால் 256 முகவரிகள். /23 என்றால் 512. /22 என்றால் 1,024. ஒவ்வொரு படிக்கும் இரு மடங்கு. அதேபோல /26 என்றால் 64 மட்டும். எண் பெரிதானால் கூட்டம் சிறிது. இது முதலில் தலைகீழாகத் தோன்றும். மாறாத இலக்கங்கள் எத்தனை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

1993-ல் மாறிய விதி

இந்தச் சாய்கோட்டு முறை ஆரம்பத்திலேயே இருந்ததல்ல. முன்பு முகவரிகளை மூன்று அளவுகளில் மட்டுமே வழங்கினார்கள். மிகப் பெரியதில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல், நடுத்தரத்தில் 65,536, சிறியதில் 256. ஆயிரம் கணினிகள் உள்ள ஒரு கல்லூரிக்கு 256 போதாது. எனவே 65,536 கொண்ட தொகுதியைக் கொடுத்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேல் வீணாகின. 1990-களின் தொடக்கத்தில் நடுத்தரத் தொகுதிகள் தீர்ந்துபோகும் நிலை வந்தது. சிறிய தொகுதிகளைக் கொத்துக் கொத்தாகக் கொடுத்தால் வீண் குறையும். ஆனால் வழிப்பட்டியல் ஊதிப் பெருத்துவிடும். இரண்டு பக்கமும் நெருக்கடி.

1993 செப்டம்பரில் இணையப் பொறியாளர்கள் புதிய விதியை வெளியிட்டார்கள். ஆர்எஃப்சி 1519 எனும் அந்த ஆவணத்தை எழுதியவர்கள் நால்வர்: வின்ஸ் ஃபுல்லர், டோனி லி, ஜெசிகா யு, கண்ணன் வரதன். மூன்று நிலையான அளவுகளை அவர்கள் ஒழித்தார்கள். மாறாத பிட்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார்கள். ஆயிரம் கணினிக்கு /22 கொடுத்தால் போதும். அதோடு, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சிறு தொகுதிகளை ஒரே பெரிய தொகுதியாக வெளியுலகுக்கு அறிவிக்கலாம். இதற்கு வகுப்பற்ற வழிச்செலுத்தல் என்று பெயர். பொறியாளர்கள் சைடர் என்பார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1995 ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதற்கு முன்பே, 1986-ல் தொடங்கிய எர்நெட் வலையமைப்பு வழியே சென்னை ஐஐடி போன்ற கல்வி நிறுவனங்கள் இணைந்திருந்தன. நம் ஊர்களுக்கு இணையம் பரவியதெல்லாம் இந்தப் புதிய விதி வந்த பிறகுதான். அது வந்திருக்காவிட்டால் பரவுவதற்கு இடமே இருந்திருக்காது.

ஒன்பது வரிப் பட்டியல்

இனி ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் உள்ள சில ஊர்களுக்குத் தலா ஒரு /24 தொகுதி கொடுத்திருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஊர்கள் உண்மை, எண்கள் நாம் வைத்தவை. 10 என்று தொடங்கும் முகவரிகள் அமைப்புகள் தமக்குள் பயன்படுத்துவதற்கென ஒதுக்கப்பட்டவை என்பதால் யாருடைய எண்ணையும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

கூனங்குப்பம் 10.20.3.0/24
கோட்டைக்குப்பம் 10.20.4.0/24
ஆண்டிக்குப்பம் 10.20.5.0/24
நடூர் மாதாகுப்பம் 10.20.6.0/24
ஜமீலாபாத் 10.20.7.0/24
லைட்ஹவுஸ் குப்பம் 10.20.8.0/24
அரங்கன்குப்பம் 10.20.9.0/24

பொன்னேரியில் ஒரு ரவுட்டர் இருக்கிறது என்றும், அதிலிருந்து இந்த எல்லா ஊருக்கும் ஒரே கம்பி வழியே தகவல் போகிறது என்றும் கொள்வோம். அந்த ரவுட்டரின் பட்டியலைப் பல ஆண்டுகளாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதனால் வரிசை இல்லை. நடூர் மாதாகுப்பம் இருமுறை வந்திருக்கிறது. அரங்கன்குப்பத்தின் மீன் இறங்குதளத்துக்கென்று தனியாக 64 முகவரிகளை யாரோ ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறார்கள். பட்டியல் இப்படி இருக்கிறது:

10.20.9.64/26
10.20.6.0/24
10.20.4.0/24
10.20.8.0/24
10.20.3.0/24
10.20.6.0/24
10.20.5.0/24
10.20.9.0/24
10.20.7.0/24

ஒன்பது வரிகள். இதைச் சுருக்க வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: பழைய பட்டியலில் இருந்த ஒரு முகவரிகூட விட்டுப்போகக் கூடாது, இல்லாத ஒரு முகவரிகூட உள்ளே நுழையக் கூடாது.

முதல் வேலை, சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் வரை வரிசைப்படுத்துவது. இரண்டு தொகுதிகள் ஒரே எண்ணில் தொடங்கினால் பெரிய தொகுதி முன்னால் வரும். வரிசைப்படுத்திய பிறகு மேலிருந்து கீழே ஒரே ஒருமுறை நடந்தால் போதும். நடக்கும்போது கையில் ஒரு விடைப்பட்டியலை வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புதிய வரியையும் விடைப்பட்டியலின் கடைசி வரியோடு மட்டும் ஒப்பிடுவோம். அதற்குள் அடங்கினால் புதியதைத் தூக்கிப்போடுவோம். அதோடு ஜோடி சேர்ந்தால் இரண்டையும் ஒன்றாக்குவோம். ஒன்றாக்கியது அதற்கும் முந்தைய வரியோடு ஜோடி சேருமா என்று மறுபடி பார்ப்போம்.

10.20.3.0/24 என்பதைச் சுருக்கமாக 3 என்போம், மற்றவற்றையும் அப்படியே. 3 வருகிறது, விடைப்பட்டியலில் வைக்கிறோம். 4 வருகிறது, 3-உடன் ஜோடி சேரவில்லை (ஏன் என்று சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்), தனியாக வைக்கிறோம். 5 வருகிறது, 4-உடன் சேர்ந்து 10.20.4.0/23 ஆகிறது. 6 வருகிறது. கடைசி வரி இப்போது 512 முகவரிகள் கொண்டது, 6-ல் இருப்பதோ 256. அளவு பொருந்தாததால் தனியாக வைக்கிறோம். இன்னொரு 6 வருகிறது. ஏற்கெனவே உள்ளதற்குள் அடங்கிவிட்டதால் தூக்கிப்போடுகிறோம். 7 வருகிறது, 6-உடன் சேர்ந்து 10.20.6.0/23 ஆகிறது. இப்போது கடைசி இரண்டு வரிகளும் ஒரே அளவு. அவையும் ஜோடி. இரண்டும் கலந்து 10.20.4.0/22 ஆகின்றன. நான்கு ஊர்கள் ஒரே வரிக்குள் வந்துவிட்டன.

8 வருகிறது, தனியாக வைக்கிறோம். 9 வருகிறது, 8-உடன் சேர்ந்து 10.20.8.0/23 ஆகிறது. கடைசியாக மீன் இறங்குதளத்தின் 64 முகவரிகள். அவை 9-க்குள் ஏற்கெனவே இருக்கின்றன. தூக்கிப்போடுகிறோம். மிஞ்சியது இது:

10.20.3.0/24
10.20.4.0/22
10.20.8.0/23

ஒன்பது வரி மூன்றாகிவிட்டது. சரிபார்ப்போம்: 256, 1,024, 512, கூட்டினால் 1,792. ஏழு ஊர்கள், ஊருக்கு 256, பெருக்கினால் 1,792. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை.

மூன்றும் நான்கும் ஏன் சேரவில்லை?

3-ம் 4-ம் அடுத்தடுத்த எண்கள்தானே, 4-ம் 5-ம் சேர்ந்தபோது இவை மட்டும் ஏன் சேரவில்லை? முகவரிச் சுருக்கத்தின் உயிர்நிலை இந்தக் கேள்வியில் இருக்கிறது.

எண்களை ரவுட்டர் பார்ப்பதுபோல் பிட்களாக எழுதிப் பார்ப்போம்:

3 — 00000011
4 — 00000100
5 — 00000101
6 — 00000110
7 — 00000111

4-ஐயும் 5-ஐயும் பாருங்கள். முதல் ஏழு பிட்கள் அச்சு அசல் ஒன்று. கடைசி ஒன்றில்தான் வேறுபாடு. அந்தக் கடைசி பிட் எதுவாகவும் இருக்கலாம் என்று விட்டுவிட்டால் இரண்டும் ஒரே தொகுதி. 6-ம் 7-ம் அப்படியே. அடுத்த படியில், 4 முதல் 7 வரை நான்குக்கும் முதல் ஆறு பிட்கள் பொது: 000001. அதனால் கடைசி இரண்டு பிட்களையும் விட்டுவிடலாம்.

3-க்கும் 4-க்கும் வருவோம். கடைசி மூன்று பிட்களும் வேறுபடுகின்றன: 011, 100. பொதுவான முன்பகுதி ஐந்து பிட்கள்தான். அதை வைத்து ஒரே தொகுதி எழுதினால் 0 முதல் 7 வரை எட்டும் உள்ளே வந்துவிடும். 0, 1, 2 ஆகியவை நம்முடையவை அல்ல. எனவே 3-ன் உண்மையான ஜோடி 2. அந்த 2 பட்டியலில் இல்லாதவரை 3 தனித்தே இருக்கும்.

விதியை இப்படிச் சொல்லலாம். இரண்டு தொகுதிகள் ஒரே அளவாக இருக்க வேண்டும். அடுத்தடுத்து இருக்க வேண்டும். இரண்டில் முதலாவது, சேர்த்தபின் வரும் பெரிய தொகுதியின் தொடக்கத்தில் சரியாக உட்கார வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் சேர்க்கலாம். அஞ்சல் எண்ணில் கடைசி இலக்கத்தை விட்டுவிட வேண்டுமென்றால் 0 முதல் 9 வரை பத்தும் ஒரே திசையில் இருந்தாக வேண்டும். பிட்களில் இரண்டே இரண்டு இருந்தால் போதும். இரும எண்களில் சுருக்கம் இத்தனை எளிதாக நடப்பதற்கு இதுவே காரணம்.

கருப்புத் திரையில் ஒரு கட்டளை

ஒன்பது வரியைக் கையால் சுருக்கிவிட்டோம். ஒரு லட்சம் வரி இருந்தால்? அதற்காகவே சிறு நிரல்கள் இருக்கின்றன. படமும் பொத்தானும் இல்லாமல், கட்டளையைத் தட்டச்சு செய்தால் வேலையை முடித்துத் தருபவை அவை. இவற்றைக் கட்டளைவரிக் கருவிகள் என்கிறோம். ஜோ ஆப்லி எழுதிய அக்ரிகேட், பிறகு ஜாப் ஸ்னைடர்ஸ் எழுதிய அக்ரிகேட்6, ஃபயர்ஹால் திட்டத்தின் ஐபிரேஞ்ச் ஆகியவை இந்த வகையில் பலரும் பயன்படுத்துபவை. பைத்தான் கணினி மொழியிலோ, 3.3-ஆம் பதிப்பிலிருந்து இந்த வேலைக்கென ஒரு செயல்கூறு மொழியோடு சேர்ந்தே வருகிறது.

இவற்றின் வடிவமைப்பில் ஓர் அழகு உண்டு. ஒரு பக்கம் பட்டியல் உள்ளே போகிறது. மறுபக்கம் சுருங்கிய பட்டியல் வெளியே வருகிறது. வேறு எதையும் கருவி செய்யாது. பட்டியல் எங்கிருந்து வந்தது, சுருங்கியது எங்கே போகப்போகிறது என்று கேட்காது. எனவே ஒரு கருவியின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக இணைக்கலாம். ஒன்று பட்டியலைக் கொண்டுவரும், அடுத்தது சுருக்கும், அதற்கடுத்தது ரவுட்டருக்குப் புரியும் நடையில் எழுதித் தரும். இந்த இணைப்பு முறை 1970-களில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் பிறந்து, இன்றைக்கும் உலகின் வலையமைப்புகளை நடத்துகிறது.

உள்ளே நடப்பது நாம் மேலே செய்ததேதான்: வரிசைப்படுத்துவது, ஒருமுறை நடப்பது. ஒவ்வொரு வரியையும் மற்ற எல்லா வரியோடும் ஒப்பிட்டால் லட்சம் வரிக்கு ஆயிரம் கோடி ஒப்பீடுகள் ஆகும். வரிசைப்படுத்திவிட்டால் கடைசி வரியோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். சாதாரண மடிக்கணினியிலேயே லட்சம் வரி சில நொடிகளில் சுருங்கிவிடுகிறது. நீண்ட வேலையைக் குறுக்குவது வரிசை. கணினியியலில் திரும்பத் திரும்பப் பார்க்கக்கூடிய உண்மை இது.

சுருக்கம் எப்போது பொய்யாகும்?

மூன்று வரியை ஒரே வரியாக்க முடியாதா? முடியும். 10.20.0.0/20 என்று எழுதினால் ஏழு ஊரும் அதற்குள் அடக்கம். ஆனால் அந்தத் தொகுதியில் 4,096 முகவரிகள். நம்முடையவை 1,792. மீதி 2,304 முகவரிகள் வேறு யாருக்கோ உரியவை, அல்லது இன்னும் யாருக்கும் தரப்படாதவை. அவற்றுக்குப் போக வேண்டிய தகவலும் நம் கம்பிக்குள் வந்து விழுந்து, போக வழியின்றி அழிந்துபோகும்.

தடைப்பட்டியல்களில் இந்தத் தவறு இன்னும் கொடியது. தாக்குதல் வரும் முகவரிகளைத் தொகுத்து, அவற்றிலிருந்து எதையும் ஏற்காதே என்று நிறுவனங்கள் தம் வாசலில் எழுதிவைக்கின்றன. பட்டியல் அழகாகச் சுருங்க வேண்டும் என்பதற்காகச் சற்றே பெரிய தொகுதியை எழுதினால், எந்தத் தவறும் செய்யாதவர்களும் வெளியே நிறுத்தப்படுவார்கள். நம் நாட்டில் செல்போன் நிறுவனங்கள் நான்காம் பதிப்பின் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. எனவே ஒரு முகவரியைத் தவறாகத் தடுத்தால்கூடப் பல குடும்பங்களின் போன்கள் பாதிக்கப்படலாம். புயல் எச்சரிக்கையையும் அலை எச்சரிக்கையையும் போனில் பார்த்துக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் ஊர்களில், ஒரு சாய்கோட்டு எண்ணின் பிழை சிறிய பிழை ஆகாது. பொருளை இழக்காத சுருக்கம், பொருளை இழந்த சுருக்கம் என்ற இந்த வேறுபாட்டை நல்ல கருவிகள் கண்டிப்பாகக் காக்கின்றன. ஒரு முகவரியும் கூடாத, ஒரு முகவரியும் குறையாத சுருக்கத்தை மட்டுமே அவை தரும்.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். ஒரே திசையில் போகும் வரிகளை மட்டும்தான் சேர்க்கலாம். லைட்ஹவுஸ் குப்பமும் அரங்கன்குப்பமும் கடலோர மணல்திட்டில் இருக்கின்றன. அங்கே ஒன்றுக்கு ஏரியைக் கடந்து வரும் கம்பி, மற்றொன்றுக்குக் கோபுர இணைப்பு என்றிருந்தால், எண்கள் எவ்வளவு அழகாக ஜோடி சேர்ந்தாலும் அவற்றை ஒரே வரியாக்கக் கூடாது. கருவிக்கு எண்கள்தான் தெரியும், நிலம் தெரியாது. எவற்றைச் சேர்த்து உள்ளே கொடுக்கலாம் என்று தீர்மானிப்பது நிலம் அறிந்த மனிதரின் பொறுப்பு.

சிறிய தொகுதி வெல்லும்

ஒரே முகவரி இரண்டு வரிகளுக்குப் பொருந்தினால் ரவுட்டர் எதைக் கேட்கும்? மாறாத பிட்கள் அதிகமுள்ள வரியை, அதாவது சிறிய தொகுதியை. நீளமான பொருத்தமே வெல்லும் என்பது இணையத்தின் மாறாத விதி. பொதுவாக ஒரு வழி, இந்த ஓர் ஊருக்கு மட்டும் வேறு வழி என்று விதிவிலக்கு எழுத இது உதவுகிறது.

இதே விதி ஆபத்தையும் கொண்டுவரும். 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப் தளத்தைத் தன் நாட்டுக்குள் தடுக்க முயன்ற பாகிஸ்தான் டெலிகாம், 208.65.153.0/24 என்ற தொகுதி தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு நாட்டுக்கு வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்ததோ 208.65.152.0/22, அதாவது அதைவிட நான்கு மடங்கு பெரிய தொகுதி. சிறியது வெல்லும் என்ற விதிப்படி உலகின் ரவுட்டர்கள் பாகிஸ்தான் பக்கம் திரும்பின. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் கிடைக்கவில்லை.

இத்தகைய களவுக்கு அஞ்சிப் பல நிறுவனங்கள் தம் பெரிய தொகுதிகளைத் தாமே துண்டு துண்டாக அறிவிக்கின்றன. வரும் போக்குவரத்தைப் பல கம்பிகளில் பிரித்துவிடவும் இதைச் செய்கிறார்கள். அவர்களுக்கு அது நன்மை. ஆனால் அந்தத் துண்டுகளை உலகின் எல்லாப் பெரிய ரவுட்டர்களும் நினைவில் சுமக்க வேண்டியிருக்கிறது. 2014 ஆகஸ்ட் 12 அன்று அந்தச் சுமை எல்லையைத் தொட்டது. அமெரிக்காவின் வெரைசன் நிறுவனத்திலிருந்து சுமார் 15,000 புதிய சிறு தொகுதிகள் திடீரென அறிவிக்கப்பட்டன. உலக வழிப்பட்டியல் 5 லட்சத்து 12 ஆயிரம் வரிகளைத் தாண்டியது. பல பழைய ரவுட்டர்களின் விரைவு நினைவகத்தில் அத்தனை வரிகளுக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அவை தடுமாறின; பல நாடுகளில் இணையம் மந்தமாகியது, பல தளங்கள் விழுந்தன. அந்தத் துண்டுகள் சில நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டும் பாதிப்பு பல மணி நேரம் நீடித்தது.

இன்று நான்காம் பதிப்பின் உலக வழிப்பட்டியல் ஏறத்தாழ 10 லட்சம் வரிகள். இவற்றில் எவையெல்லாம் சேர்க்கக்கூடியவை என்று சைடர் ரிப்போர்ட் எனும் அறிக்கை பல ஆண்டுகளாகக் கணக்கிட்டுக் காட்டிவருகிறது. எல்லோரும் தம் வரிகளைச் சுருக்கினால் பல லட்சம் வரிகள் குறையும்.

ஒழுங்காகக் கொடுத்தால்தான் சுருக்கலாம்

எந்தக் கருவியாலும் செய்ய முடியாத ஒன்று உண்டு. தாறுமாறாகப் பிரித்துக் கொடுத்த எண்களை அதனால் சுருக்க முடியாது. நம் எடுத்துக்காட்டில் கோட்டைக்குப்பம் முதல் ஜமீலாபாத் வரை நான்கு ஊர்களும் ஒரே வரியானதற்குக் காரணம், அவற்றுக்கு 4, 5, 6, 7 என்று கொடுத்ததுதான். 4, 19, 77, 142 என்று கொடுத்திருந்தால் நான்கும் நான்கு வரிகளாகவே கடைசிவரை இருந்திருக்கும்.

தமிழ்நாட்டின் அளவில் பார்ப்போம். 12,525 கிராம ஊராட்சிகளைக் கண்ணாடியிழைக் கம்பியால் இணைக்கும் பாரத்நெட் பணி டான்ஃபிநெட் நிறுவனத்தின் வழியே நடக்கிறது. ஓர் ஊராட்சிக்கு 256 முகவரிகள் என்று நாமே ஒரு கணக்குப் போடலாம். அருகருகே இருப்பவற்றுக்கு அருகருகே எண் கொடுத்து, எதிர்காலத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டு 16,384 இடங்களை ஒதுக்கினால், அத்தனையும் வெளியே ஒரே ஒரு /10 வரியாகத் தெரியும். அதற்குள் மாவட்டத்துக்கு ஒரு வரி, மாவட்டத்துக்குள் ஒன்றியத்துக்கு ஒரு வரி, மீஞ்சூர் ஒன்றியத்துக்குள் மட்டும் பழவேற்காட்டுக்கென ஒரு வரி. மாறாக, யார் முதலில் கேட்டார்களோ அவர்களுக்குக் கையில் வந்த எண்ணைக் கொடுத்தால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளை எல்லா ரவுட்டரும் சுமக்கும்.

ஆகவேதான் முகவரி வழங்கும் பொறுப்பு ஓர் அடுக்குமுறையில் இருக்கிறது. உலக அளவில் ஐயானா. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு ஆப்னிக். இந்தியாவில் நிக்சி நிறுவனத்தின் கீழ் ஐஆர்ஐஎன்என் பதிவகம். அதன் பின் இணையச் சேவை நிறுவனங்கள். 2011 பிப்ரவரி 3 அன்று ஐயானா தன்னிடமிருந்த நான்காம் பதிப்பின் கடைசித் தொகுதிகளைக் கொடுத்து முடித்தது. அதற்குப் பிறகு எஞ்சியதைச் சிறு சிறு துண்டுகளாகக் கொடுப்பதும், இருப்பவர்களிடமிருந்து வாங்குவதும்தான் வழி. துண்டுகள் சிறுக்கச் சிறுக்கப் பட்டியல் நீள்கிறது. 128 பிட்கள் கொண்ட ஆறாம் பதிப்பில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு நிறுவனத்துக்கு முதலிலேயே தாராளமாக ஒரே பெரிய தொகுதி கொடுத்துவிடலாம். அதில் முன்னணியில் உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் அங்கேயும் ஒழுங்கில்லாமல் அறிவித்தால் பட்டியல் ஊதத்தான் செய்யும். இடம் நிறைய இருப்பதால் ஒழுங்கு தானாக வந்துவிடாது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது முழு விடை சொல்லலாம். ஹைதராபாத்தில் உள்ள ரவுட்டருக்குப் பழவேற்காட்டின் போன் தெரிய வேண்டியதில்லை; அந்தப் போனின் எண் எந்தப் பெரிய தொகுதியில் இருக்கிறது, அந்தத் தொகுதி எந்தப் பக்கம் என்பது தெரிந்தால் போதும். சென்னையை நெருங்கும்போது இன்னும் சிறிய தொகுதி, அதற்குப் பிறகு இன்னும் சிறியது. வழிநெடுக ஒவ்வொருவரும் கொஞ்சமே அறிந்திருக்கிறார்கள். அந்தக் கொஞ்சம் பிழையற்றதாக இருப்பதால் முழுப் பயணமும் நடக்கிறது. அதைப் பிழையற்றதாக வைத்திருப்பது, எண்களை ஒழுங்காகப் பிரித்துக் கொடுப்பவர்களும் அவற்றைக் கூட்டாமல் குறைக்காமல் சுருக்கி அறிவிப்பவர்களும் நாள்தோறும் செய்யும் பணி. சுருக்கும் கருவி அவர்களுக்குக் கணக்கில் துணை நிற்கிறது. நேர்மையை அதனால் தர முடியாது.

அறிவிக்கிறவர் உண்மையைத்தான் சொல்கிறாரா என்பதை எப்படிச் சோதிப்பது? 2008-ல் யூடியூபுக்கு நேர்ந்தது மறுபடி நேராமலிருக்க, முகவரித் தொகுதிகளுக்கு மின்கையொப்பமிட்ட உரிமைச் சான்று வழங்கும் முறை இப்போது பரவிவருகிறது. அந்தச் சான்று எப்படி எழுதப்படுகிறது, ரவுட்டர்கள் அதை எப்படிச் சரிபார்க்கின்றன என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.